காயிண்டி ஏரியிலிருந்து திரும்பிய பதினான்கு பேர்

அக்டோபர் 7, செவ்வாய். அல்மாட்டி

நான் தொலைந்துபோகவில்லை. இன்று காலையிலிருந்து என் மகன் டெரன்ஸ் மூன்று பேருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டான்: "அம்மா ஏரிப் பக்கம் வழி தெரியாம போயிட்டாங்க." வழி எனக்குத் தெரியும். ஒரே வழிதான் இருந்தது. நான் அலையவும் இல்லை. ஒரே கல்லில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என்னை விட்டுவிட்டுப் போனார்கள் என்பதே சரியான வாக்கியம். கண்டுபிடிக்கப்பட்டபோது நான் அழுதுகொண்டிருந்ததாகவும் சொல்கிறான். குளிர்காற்றில் கண்ணில் நீர் வருவது இயல்பு.

டெரன்ஸ் இங்கே மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு பாடம் எடுக்கிறான். கூட வேலை செய்யும் ஒரு நரம்பு மருத்துவரிடம் எனக்காகச் சனிக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறான். அவர் கேட்டால் இந்த நோட்டைக் காட்டி, நானே வாசித்துச் சொல்வேன். ஆகவே ஆரம்பத்திலிருந்து ஒழுங்காக எழுதுகிறேன்.

என் பெயர் அகஸ்டா ஞானாதிக்கம். வயது எழுபத்து நான்கு. திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்தொரு ஆண்டு வேலை பார்த்தேன். கடைசி ஒன்பது ஆண்டு தலைமை ஆசிரியை. கணவர் செபஸ்தியான் ஞானாதிக்கம், புவியியல் ஆசிரியர். கடந்த ஜூன் பத்தொன்பதாம் தேதி மாரடைப்பில் இறந்தார். மகனைப் பார்க்க இருவருமாக வருவதாக இருந்த பயணம் இது. நான் மட்டும் வந்தேன். இருபதாம் தேதி திருச்சிக்குத் திரும்புகிறேன்.

நேற்றைய சுற்றுலாவை மார்ச் மாதமே டெரன்ஸ் எங்கள் இருவர் பெயருக்கும் பதிவு செய்திருந்தான். சாரின் என்ற மலைப்பிளவு, கோல்சாய் ஏரி, கடைசியாக காயிண்டி ஏரி. விடியுமுன் புறப்பட்டு இரவு திரும்பும் நீண்ட பயணம். தண்ணீருக்குள் காடு நிற்கும் அந்த ஏரியின் படம் பதினைந்து ஆண்டுகளாக எங்கள் சாப்பாட்டு மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. நான்தான் ஒவ்வொரு ஆண்டும் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று தள்ளிப்போட்டேன். அவர் பெயரை நீக்கச் சொல்ல டெரன்ஸ் மறந்துவிட்டான். நானும் நினைவூட்டவில்லை.

விடியற்காலை ஐந்து மணிக்கு டெரன்ஸ் என்னைப் பேருந்தில் ஏற்றிவிட்டு, தூக்கக் கலக்கத்தில் உடனே கிளம்பிவிட்டான். சிறிய பேருந்து. எல்லோரும் நம் நாட்டவர். ஏழும் எட்டும் எங்கள் இருக்கைகள். எட்டு ஜன்னல் ஓரம். அதில் அவருடைய கம்பளிக் கோட்டை வைத்தேன். இந்தப் பயணத்துக்கென்று அவர் தைத்துக்கொண்டது, ஒருநாளும் போடவில்லை. வளைவுகளில் சரியாமலிருக்க இருக்கை வாரைப் பூட்டினேன். சால்வையைச் சுருட்டிக் கழுத்தருகே வைத்து, தொப்பியை அதன் மேல் வைத்தேன். தொப்பியை வேறெங்கே வைப்பது?

வழிகாட்டி ஐகெரிம் என்ற உள்ளூர்ப் பெண். இருபத்தைந்து வயதிருக்கும். நல்ல ஆங்கிலம், நம் பெயர்கள்தான் அவள் வாயில் படாதபாடு பட்டன. "க்னா... க்னானா..." என்று அவள் திணறியபோது என் பின்னிருக்கையில் இருந்த கரூர்க்காரர், "நம்ம பேருக்கு அந்த ஏரிப் பேரே தேவலாம்டி" என்று மனைவியிடம் சொன்னார். பேருந்தே சிரித்தது.

"அகஸ்டா?" உள்ளேன் என்றேன். "செபஸ்தியான்?"

"இருக்கிறார்" என்றேன்.

ஒருவருக்காக இன்னொருவர் வருகை சொல்வதை நான் என்றும் அனுமதித்ததில்லை. 1987இல் தோழிக்காக 'உள்ளேன்' சொன்ன ஒன்பதாம் வகுப்பு மாணவியை ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பினேன். அவள் பெயர் பெனடிக்டா, வருகை எண் இருபத்தாறு. என் நினைவாற்றலைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் குறித்துக்கொள்ளலாம். நேற்று நான் சொன்னது அந்த வகை இல்லை. பதிவு அவர் பெயரில் இருந்தது, இருக்கையும் அவருடையது.

ஐகெரிம் விரலை நீட்டி நீட்டி எண்ணினாள். பதினான்கு. பட்டியலிலும் பதினான்கு. பேருந்து புறப்பட்டது.

கை வலிக்கிறது. மீதி நாளை.

அக்டோபர் 8, புதன்

துணி துவைத்தேன். இந்த வீட்டு இயந்திரத்தில் சேலை கயிறாகிவிடுகிறது.

தொடர்கிறேன். கரூர்க்காரரின் மனைவி தேன்மொழி, ஐம்பது வயதிருக்கும், ஓயாத பேச்சு. விடிந்ததும் முறுக்குப் பொட்டலத்தை இருக்கைக்கு மேலே நீட்டினாள். "எடுத்துக்கங்க டீச்சரம்மா. சாருக்கும் ஒண்ணு குடுங்க." இரண்டு எடுத்துக்கொண்டேன். அவருடையதைக் காகிதக் கைக்குட்டையில் பொதிந்து கோட்டுப் பையில் வைத்தேன்.

மலைப்பிளவில் செங்கல் நிறப் பாறைகள் இரு புறமும் கோட்டைச் சுவர் போல் நின்றன. கீழே ஆறு ஓடும் சத்தம் மட்டும் மேலே வந்தது. "சார் இறங்கலீங்களா?" என்றாள் தேன்மொழி. "அவருக்கு முழங்கால் வலி" என்றேன். அது உண்மை. பத்து ஆண்டுகளாக இருந்தது.

திரும்பி ஏறியதும் மறுபடி பெயர் வாசிப்பு, மறுபடி எண்ணிக்கை. பதினான்கு. கோல்சாயில் பதினான்கு. சாத்தி என்ற சிற்றூரில் மதிய உணவு முடிந்ததும் பதினான்கு. ஒவ்வொரு முறையும் அவருக்கு நான் பதில் சொன்னேன். ஐகெரிமின் விரல் ஒவ்வொரு முறையும் ஜன்னல் ஓர இருக்கையைக் கடந்துதான் போனது.

காயிண்டிக்குப் போகும் பாதையில் பேருந்து ஏறாது. சாத்தியிலேயே அதை நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு பக்கம் குலுங்கும் இரண்டு பழைய வேன்களில் போனோம். கோட்டைப் பேருந்திலேயே விட்டுச் சென்றேன்.

நூறாண்டுக்கு மேல் ஆகிறது. பூகம்பத்தில் மலைச்சரிவு இடிந்து பள்ளத்தாக்கை அடைத்தது, தண்ணீர் ஏறியது, காடு நின்ற நிலையிலேயே மூழ்கியது. இதை நான் சாப்பாட்டு மேசையில் நூறு முறையாவது கேட்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டே சோறு பரிமாறியிருக்கிறேன். நேரில் வேறு மாதிரி இருக்கிறது. நீல நீர். அதிலிருந்து பட்டையும் கிளையும் இல்லாத வெள்ளை மரங்கள் நேராக நிற்கின்றன, காலைக் கூட்டத்தில் வரிசையாக நிற்கும் பிள்ளைகளைப் போல. குனிந்து பார்த்தால் நீருக்கடியில் அதே மரத்தில் கிளைகள் அப்படியே இருக்கின்றன. குளிர் அவற்றை அழுக விடவில்லை. காற்று அடித்தது, ஒரு மரமும் அசையவில்லை.

மற்றவர்கள் படம் எடுத்தார்கள். நான் கரையோரமாகச் சற்றுத் தள்ளிப் போய் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். ஐகெரிம் ஊதல் ஊதியதாகச் சொல்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. எழுந்து பார்த்தபோது வேன்கள் இல்லை.

மலை வெயிலை மறைத்துவிட்டது. நான் அமைதியாக இருந்தேன். ஜெபமாலை சொன்னேன். ஆறு மணிக்கு ஒரு வேன் விளக்கோடு வந்தது. ஓட்டி வந்த கிழவருக்கு என் மொழி எதுவும் தெரியாது. பின்கதவைத் திறந்து என்னை ஏற்றிய பிறகும் கதவைச் சாத்தாமல், எனக்குப் பின்னால் பார்த்தபடி சற்று நேரம் நின்றார். பிறகு சாத்தினார்.

இதுவரை எழுதி மூடிவிட்டேன். மாலையில் தேன்மொழி தொலைபேசியில் அழைத்ததால் மறுபடி திறக்கிறேன். பேருந்தில் எண்ணும் முகவரியும் எழுதிக் கொடுத்து, என் எண்ணையும் வாங்கியிருந்தாள். அவர்களுக்கு நாளை விமானமாம்.

"எம்மேல கோவிச்சுக்காதீங்க டீச்சரம்மா. எனக்கு மனசே ஆறலீங்க. நீங்க ஏறீட்டீங்கன்னுதான் நெனச்சேன். என் கண்ணால பார்த்தனுங்களே."

"எதைப் பார்த்தாய்?"

"சாத்தியில வண்டி ஏறினப்போ நீங்க தூங்கீட்டு இருந்தீங்க. சார் தோள்ல சாஞ்சு. அந்தப் புள்ள உங்க பேரைப் படிச்சா. சார்தான் சொன்னாரு, 'இருக்கா, தூங்குறா, எழுப்பாதீங்க'ன்னு. அப்புறம் நான் எதுக்குங்க எழுப்பறேன்? டீ குடிக்க நிறுத்தினப்பதான் பார்க்கறேன், ரெண்டு சீட்டுலயும் ஆளில்லீங்க. கோட்டுதான் கெடக்குது."

தொடர்பு சரியில்லை என்று நினைத்து அவளே வைத்துவிட்டாள்.

அக்டோபர் 9, வியாழன்

அன்று பேருந்தோடு போய்விட்ட கோட்டை ஐகெரிம் கொண்டுவந்து கொடுத்தாள். டெரன்ஸ் வீட்டில் இருந்தான்.

பாவம், கண் வீங்கியிருந்தது. மன்னிப்புக் கேட்டாள். வாசித்து, எண்ணி, சரிபார்த்துத்தான் புறப்பட்டதாகச் சொன்னாள். உன் மேல் பிழை இல்லை என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டே டெரன்ஸிடம் சொன்னாள்: "உங்கள் தந்தையிடமும் என் வருத்தத்தைச் சொல்லுங்கள். அவர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். அதனால்தான் நான் அருகில் போய்ப் பார்க்கவில்லை."

கதவைச் சாத்திய பிறகும் டெரன்ஸ் கைப்பிடியை விடவில்லை.

"அம்மா. அப்பா வந்திருக்காருன்னு அவங்க கிட்ட சொன்னீங்களா?"

"பெயர் வாசித்தார்கள். பதில் சொன்னேன்."

"அம்மா!"

"கத்தாதே. கீழ் வீட்டில் குழந்தை தூங்குகிறது."

அதே நாள், பிற்பகல்

கோட்டைப் பார்த்தேன். பையில் காகிதக் கைக்குட்டை இருந்தது, நான்காக மடித்து, ஓரங்கள் ஒட்ட. முறுக்கு இல்லை. பேருந்தைத் துப்புரவு செய்தவர் எடுத்திருக்கலாம்.

இடது தோளில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

நான் அவருக்கு இடப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் வண்டியில் நான் தூங்குவதில்லை. நாற்பத்து நான்கு ஆண்டு மணவாழ்க்கையில் ரயிலிலும் பேருந்திலும் நான் எவர் தோளிலும் சாய்ந்ததில்லை. நிமிர்ந்து உட்காராத பெண்ணை, நான் படித்த கன்னியர் மடத்தில், மதர் கிளமென்ஸ் ஸ்கேலால் முதுகில் தொடுவார்கள். திருமணமான புதிதில் ஒருமுறை, கொடைக்கானல் போகும் வழியில், "சாஞ்சுக்கயேன், யாரும் பார்க்கல" என்று இவர் சொன்னார். நாலு பேர் இருக்கும் இடத்தில் இது என்ன பேச்சு என்று கேட்டேன். பிறகு அவர் சொல்லவில்லை.

கறையைத் துவைக்கவில்லை. கம்பளிக்குத் தண்ணீர் ஆகாது.

அக்டோபர் 10, வெள்ளி

டெரன்ஸ் கரூருக்குத் தொலைபேசி செய்தான். ஒலிபெருக்கியில் போட்டான், நான் கேட்கட்டும் என்று.

"ஆன்ட்டி, எங்கப்பா ஜூன்லயே இறந்துட்டாரு."

தேன்மொழியின் கணவர் தொலைபேசியை வாங்கிப் பேசினார். "தம்பி, இவளுக்குச் சரியா ஞாபகம் இல்லீங்க. இருட்டுங்க. சீட்டு காலியாத்தான் இருந்திருக்கும். இவ ஒரு ஆளு, எதையாவது சொல்லிப்போடுவா. இனிமே இதப் பத்தி எங்களக் கேக்காதீங்க."

பின்னால் அவள் விசும்பும் சத்தம் கேட்டது. "நான் முறுக்கு குடுத்தனுங்களே..." அதற்குள் வைத்துவிட்டார்கள்.

சுற்றுலா நிறுவனமும் கடிதம் அனுப்பியிருக்கிறது. 'வயது முதிர்ந்த பயணி குழுவை விட்டு அறியாமல் விலகிச் சென்றார்.' அறியாமல் என்ற சொல்லை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

அவர்கள் திரும்பப் பேருந்தில் ஏறிய நாலரை மணிக்குச் சாத்தியில் இருட்டில்லை. இதையும் குறிக்கிறேன்.

அக்டோபர் 11, சனி

மருத்துவர் கண்ணியமானவர். கடிகாரம் வரையச் சொன்னார், வரைந்தேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். ஓரிடத்தில் அவர் தடுமாறினார், நான் தடுமாறவில்லை. ஐந்து சொற்களைச் சொல்லி, கால் மணி கழித்துக் கேட்டார். ஐந்தையும் அகர வரிசையில் சொன்னேன்.

"உங்கள் கணவர்?" என்றார்.

இறந்துவிட்டார் என்று சொன்னேன். சொல்லத் தாமதித்தேனாம். டெரன்ஸ் காரில் வரும்போது சொன்னான்.

அக்டோபர் 12, ஞாயிறு

பூசைக்குப் போனோம். மொழி புரியாவிட்டாலும் எந்த இடத்தில் எழ வேண்டும் என்பது தெரியும்.

இறந்தோருக்கான செபத்தை ஜூன் மாதத்திலிருந்து ஒரு நாளும் விட்டதில்லை. ஐந்தாம் தேதிக்குப் பிறகு அவருக்காகச் சொல்லவில்லை என்று இன்றுதான் கவனித்தேன். பெற்றோருக்குச் சொல்கிறேன், அண்ணனுக்குச் சொல்கிறேன். அவர் பெயரில் நின்றுவிடுகிறது. சொன்னால் அனுப்பிவைப்பது போலாகிவிடும்.

அக்டோபர் 13, திங்கள்

டெரன்ஸ் சமையலறையில் வந்து உட்கார்ந்தான். நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். என் கடவுச்சீட்டு அன்றிரவிலிருந்தே அவன் அலமாரியில் இருக்கிறது.

"அம்மா, டாக்டர் டெஸ்ட் நல்லா இருக்குன்னுதான் சொல்றாரு. ஆனா துக்கத்துல சில பேருக்கு இப்படி வருமாம். நீங்க ஒண்ணு மட்டும் சொல்லுங்க. 'அன்னிக்குக் கொஞ்சம் கொழம்பிட்டேன், அப்பா யாரும் வரல.' அவ்வளவுதான். இருபதாம் தேதி நானே ஏத்தி விடறேன். திருச்சி வீட்டுல நீங்க பாட்டுக்கு இருங்க."

"சொல்லாவிட்டால்?"

"அப்புறம் எப்படிம்மா உங்கள அங்க தனியா விடறது? வீட்ட வாடகைக்கு விட்டுட்டு இங்கயே இருங்க. நான் என்ன உங்களுக்கு எதிரியா?"

எதிரி இல்லை. மூக்கைத் துடைத்துக்கொள்ளும் விதம் அப்படியே அவர்.

"யோசித்துச் சொல்கிறேன்" என்றேன்.

திருச்சி வீடு நாங்கள் இருவரும் கட்டியது. சாப்பாட்டு மேசை அங்கே இருக்கிறது. பின்கட்டுச் சாவியை எந்த ஆணியில் மாட்டினேன் என்பதுவரை எனக்குத் தெரியும். இன்னொருவர் வீட்டில் துணி காயப்போட அனுமதி கேட்டுக்கொண்டு நான் சாக மாட்டேன்.

ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அக்டோபர் 14, செவ்வாய்

புதன்கிழமைக் குறிப்பில் ஒரு திருத்தம்.

ஊதல் எனக்குக் கேட்டது. மூன்று முறை கேட்டது. மூன்றாம் முறை ஐகெரிம் என் பெயரையும் கூப்பிட்டாள். நான் எழவில்லை.

ஏன் என்று எழுத முயல்கிறேன். காலையிலிருந்து நான்கு தடவை அவருக்காகப் பதில் சொல்லியிருந்தேன். களைத்துப் போனேன். நீருக்கடியில் பச்சையாகவே நிற்கும் அந்தக் கிளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைத் தேடி அவர்கள் வருவார்கள், வந்தால் போகலாம், வராவிட்டால் இப்படியே இருக்கலாம் என்று தோன்றியது. ஒருமுறையாவது எனக்காக வேறு யாராவது பதில் சொல்லட்டும் என்று நினைத்தேன். வாய்விட்டே சொன்னேன் என்று நினைக்கிறேன். அங்கே கேட்க யாரும் இல்லை.

அந்த நேரத்தில்தான் சாத்தியில் பெயர் வாசித்திருக்கிறார்கள்.

டெரன்ஸிடம் பதில் சொல்ல நாளை வரை நேரம் கேட்டிருக்கிறேன்.

அக்டோபர் 15, புதன்

கீழே உள்ளது நான் அனுப்பும் கடிதத்தின் நகல். தபால் நிலையத்துக்கு என்னைத் தனியாக விடமாட்டான், ஆகவே டெரன்ஸ் கையில்தான் கொடுக்க வேண்டும். உறையை ஒட்டவில்லை. அவன் படிப்பான். படித்தால் இருபதாம் தேதி என்னவாகும் என்பது எனக்குத் தெரியும்.

அன்புள்ள தேன்மொழிக்கு,

உங்களைப் பயமுறுத்தியதற்காக வருந்துகிறேன். உங்கள் கணவர் மீது எனக்கு வருத்தமில்லை. யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நான் ஏரியில் தங்கியது என் விருப்பத்தால். இதில் உங்களுக்கோ வழிகாட்டிக்கோ பொறுப்பில்லை. இந்த வரியை நீங்கள் யாரிடமும் காட்டலாம்.

என் கணவர் ஜூன் மாதம் இறந்தது உண்மை. நீங்கள் பொய் சொல்லக்கூடியவர் அல்ல என்பதும் உண்மை. முப்பத்தொரு ஆண்டு பொய் சொல்லும் பிள்ளைகளைப் பார்த்தவள் நான்.

அவர் நாலு பேர் எதிரில் என்னை 'டீச்சர்' என்றுதான் குறிப்பிடுவார். அது நான் வைத்த ஒழுங்கு. 'இருக்கா, தூங்குறா' என்று என்னைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. அதனால்தான் கேட்கிறேன். அவர் சொன்ன சொற்களை, ஒன்று கூட்டாமல் ஒன்று குறைக்காமல், எழுதுங்கள். அவர் தோளில் சாய்ந்திருந்தவள் முகம் எப்படி இருந்தது என்றும் எழுதுங்கள்.

தொலைபேசியில் சொல்ல வேண்டாம். எழுதி அனுப்புங்கள். என் அல்மாட்டி முகவரி உறையின் பின்புறம் இருக்கிறது. நான் இங்கேதான் இருப்பேன்.

அகஸ்டா ஞானாதிக்கம்